ஒன்பது வருட மருந்துக்கடை

மாத்திரை அட்டையை ஜன்னல் பக்கமாகத் தூக்கிப் பிடிக்கிறார். மூக்குக் கண்ணாடியை நுனிவரை இறக்கிவிட்டுக்கொள்கிறார். அட்டையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தை உதடு அசையாமல் படிக்கிறார். படித்து முடித்த பிறகும் பேசுவதில்லை. ஒருமுறை நான் கைக்கடிகாரத்தை வைத்து எண்ணிப் பார்த்தேன். சரியாக எட்டு விநாடி. அதற்கப்புறம்தான் வாய் திறக்கிறது. "சாப்பாட்டுக்குப் பொறவு போடச் சொல்லு ராத்தா. நிறுத்துறதா இருந்தா டாக்டரைக் கேட்டுட்டு நிறுத்தணும்."

காயல்பட்டினத்தில் அந்தத் தெருப் பெண்களுக்கு இது போதும். அவர்கள் முன்வாசலுக்கு வருவதில்லை. வீடுகளுக்கு நடுவே பெண்கள் நடக்கவென்றே விட்டிருக்கும் முடுக்கு வழியாகப் பின்கட்டுக்கு வந்து, அட்டையை அவருடைய அக்கா ராஹிலா ராத்தாவிடம் கொடுத்துவிட்டு நிற்பார்கள். ராத்தாவுக்கு எழுபது வயது. முட்டியைப் பிடித்துக்கொண்டு முன்னறைவரை நடந்து, தம்பி ஜக்கரிய்யாவிடம் காட்டி, பதிலோடு திரும்பி வருவார். வரும்போது சொந்தச் சரக்காக ஒரு வரி சேர்த்துக்கொள்வார்: "அமெரிக்காவுல ஒம்பது வருஷம் மருந்துக்கடையில நின்னவன். சும்மா சொல்ல மாட்டான்."

ஒன்பது வருடம் நின்றது உண்மை. மருந்துக்கடையும் இருந்தது. ஆனால் அந்தக் கடைக்குக் கூரை கிடையாது. மேலே விளக்குகள் தொங்கின. அலமாரியில் அடுக்கியிருந்த டப்பாக்கள் அத்தனையும் காலி. ஜக்கரிய்யா அமெரிக்கத் தொலைக்காட்சி நடிகர்.

இது எனக்குத் தெரியவந்தது காய்ச்சலால். மூன்று நாள் படுக்கையில் கிடந்தபோது போனில் பழைய ஆங்கிலத் தொடர் ஒன்றை ஓடவிட்டிருந்தேன். வெள்ளை அங்கியோடு ஒருவர் வந்தார், மருந்துச் சீட்டை வெளிச்சத்தில் பிடித்தார், கண்ணாடியை இறக்கினார். நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ராத்தாவின் மகள் ஆமிராவும் நானும் தூத்துக்குடியில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். அந்த வீட்டில் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறேன். அடுத்த வாரம் போய் அவரிடம் போனைக் காட்டினேன். ஒரு பார்வை பார்த்தார். "யாருட்டயும் சொன்னியளா?" என்றார். இல்லை என்றேன். "அந்த சீசன்ல நான் கொஞ்சம் மெலிஞ்சிருந்தேன்," என்றார்.

அதிலிருந்து, போகும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கதை வந்தது. இருபத்துநான்கு வயதில் ரத்தினக் கல் வியாபாரத்துக்கு ஹாங்காங் போனவர். அங்கிருந்து ஒரு வியாபாரி லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கூட்டிப்போனார். அந்த வியாபாரியின் கடைக்கு எதிரே ஒருநாள் படப்பிடிப்பு; டாக்ஸி ஓட்டுகிறவராக நடிக்க வேண்டிய ஆள் வரவில்லை. முகம் பொருந்தியது, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். "எனக்கு வண்டியே ஓட்டத் தெரியாது. ரெண்டு பேர் பின்னால நின்னு தள்ளுனாஹ," என்று இப்போதும் சிரிக்கிறார். பிறகு ஓட்டல் குமாஸ்தா, பெட்ரோல் பங்க் முதலாளி, அரபு இளவரசருக்குப் பின்னால் நிற்பவர், ஒருமுறை கோயில் பூசாரி. நெற்றியில் பட்டை போட்டுவிட்ட பெண் அதை மேலிருந்து கீழாகப் போட்டாளாம். இவருக்குத் தெரியும், சொல்லவில்லை. சொன்னால் வேறு ஆளைப் பிடித்துவிடுவார்கள் என்று பயம்.

பேச்சிலும் தகராறு. "உங்க ஊர்ல பேசுற மாதிரி பேசுன்னாஹ. பேசுனேன். அது இல்ல, இந்தியாக்காரன் மாதிரி பேசுன்னாஹ." கடைசியில் டைரக்டரே பேசிக் காட்ட, அதைப் பார்த்து இவர் பேசினாராம். வசனம் குறைவாகக் கிடைப்பவன், அதற்கு முன்னால் எட்டு விநாடி சும்மா இருந்தால் கேமரா அவனைத் தேடி வரும். இதையும் அங்கேதான் கற்றுக்கொண்டார்.

கேமராவை நேராகப் பார்க்கக் கூடாது என்பது இன்னொரு பாடம். அது உடம்பில் ஊறிவிட்டது. ஊர் திரும்பிய நாலு வருடத்தில் குடும்பத்துக் கல்யாணப் படங்கள் எதை எடுத்தாலும் இவர் மட்டும் யாரோ கூப்பிட்ட மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார். ராத்தாவுக்கு அதில் தீராத வருத்தம். "நல்ல மூஞ்சி. ஒரு படத்துலயாவது காட்டுதானா பாரு," என்பார். இருபது வருடம் முகத்தைக் காட்டிப் பிழைத்தவரைப் பற்றி இதைக் கேட்கும்போது நான் வெற்றிலைத் தட்டத்தைப் பார்த்துக்கொள்வேன்.

பொய் எப்படித் தொடங்கியது என்று கேட்டேன். மாலையில் அஸர் தொழுகை முடிந்து கடற்கரையில் உட்கார்ந்திருந்தோம். மருந்துக்கடை வேடம் கிடைத்த முதல் வாரம், வெள்ளை அங்கியோடு நிற்கும்போது வாப்பாவின் போன் வந்ததாம். சினிமாக் கொட்டகை இருக்கிற பக்கமே நடக்காத தகப்பனார். "எங்கே வேலை?" என்று கேட்டிருக்கிறார். இவர் சுற்றிப் பார்த்திருக்கிறார். கண்ணில் பட்டதைச் சொல்லிவிட்டார். "வாப்பா அல்ஹம்துலில்லாஹ்னாஹ. அதுக்கு முன்னால என் வேலையைப் பத்தி அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்ல. அவஹ கண்ணை மூடி மௌத்தான பொறவு சொல்லிரலாம்னு இருந்தேன். அதுக்குள்ள ஊர் பூரா சொல்லிருச்சு."

இன்னொரு காரணமும் உண்டு. காயலில் வீடு பெண்மக்களுக்கு. கல்யாணமானதும் ஆண் மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். ஜக்கரிய்யாவின் கல்யாணம் அமெரிக்காவிலேயே நடந்து அங்கேயே முறிந்தது. ஊரில் அவருக்கு மனைவி வீடு இல்லை. அறுபத்துமூன்று வயதில் அக்கா கொடுத்த முன்னறைதான் எல்லாம். அந்த அக்காவோ, தம்பியின் மருந்துக்கடையைத் தன் கழுத்து நகை மாதிரி ஊருக்குக் காட்டிக்கொண்டிருப்பவர். எப்படிச் சொல்வார்? யாருக்கும் கெடுதல் இல்லாத பதிலை மட்டும் சொல்லி நாளை ஓட்டினார். டாக்டரைக் கேளுங்கள் என்பதில் என்ன ஆபத்து வந்துவிடப் போகிறது என்று நானும்தான் நினைத்தேன்.

போன மாதம் ஆமிரா துபாயிலிருந்து கூப்பிட்டாள். உம்மாவுக்கு ஈறில் ரத்தம் கசிகிறதாம், கையில் நீலம் நீலமாகக் கட்டியிருக்கிறதாம், ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்கிறாராம். நான் காரை எடுத்துக்கொண்டு போனேன். ராத்தாவுக்கு இதயத்துடிப்பு சீராக இல்லையென்று ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதைச் சாப்பிடுகிறவர்கள் மாதாமாதம் ரத்தம் பரிசோதிக்க வேண்டும். ராத்தா நாலு மாதமாகப் போகவே இல்லை.

"வீட்டுலயே ஒருத்தன் இருக்கும்போது தூத்துக்குடிக்கு எதுக்குப் புள்ள போய் குத்து வாங்கணும்?" என்றார் என்னிடம். கட்டிலில் இருந்தபடியே மாத்திரை அட்டையைத் தம்பியின் பக்கம் நீட்டினார். "நீ பாத்துச் சொல்லு. போடவா, நிறுத்தவா?"

ஜக்கரிய்யா அட்டையை வாங்கவில்லை. "டாக்டரைக் கேப்போம் ராத்தா," என்றார்.

"அது ஊராளுக்குச் சொல்லுறது. எனக்கு நீ சொல்லு. நீ போடுன்னா போடுதேன், நிறுத்துன்னா நிறுத்துதேன்."

எனக்குக் கோபம் வந்தது, ஜக்கரிய்யாமீதும் என்மீதும். இரண்டு பேருக்குத் தெரிந்த உண்மை, இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டிருந்ததால் ஒரு கிழவியின் கையில் நீலமாகக் கட்டி நின்றது. இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் நானே சொல்லியிருப்பேன். அவர் முந்திக்கொண்டார். இந்த முறை எட்டு விநாடியெல்லாம் இல்லை.

"எனக்கு மருந்து தெரியாது ராத்தா. அது கடை இல்ல. டிவி நாடகம். மருந்துக்கடைக்காரனா நடிச்சேன். வாப்பாட்ட பொய் சொன்னேன், ஒங்கள்ட்டயும் சொன்னேன்."

ராத்தாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அட்டையை மடியில் வைத்துக்கொண்டார். "அப்போ நாலு வருஷமா நான் முடுக்குல நின்னு சொன்னதெல்லாம்?"

"பொய்தான்."

"நம்ம வாப்பா மௌத்தாகும்போதும் அதைத்தான் நம்பிக்கிட்டுப் போனாஹளா?"

ராத்தா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த வீட்டில் அவருடைய கோபத்தை நான் அதுவரை பார்த்ததில்லை; அதற்குச் சத்தமே இல்லை. ஜக்கரிய்யா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து போனை எடுத்தார். வேறு எப்படி நம்பவைப்பது என்று தெரியவில்லை போலும். ஒரு காட்சியை ஓடவிட்டு அக்காவின் கையில் கொடுத்தார். மருந்துக்கடையைக் காட்ட நூறு காட்சிகள் இருந்தன. அவர் எடுத்தது கடைசி வருடத்தின் கடைசிக் காட்சி; கேமரா அவர் முகத்துக்கு வெகு பக்கத்தில் வந்த ஒரே காட்சி. குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போதும் நடிகன் தன் நல்ல வேலையைத்தான் காட்டுகிறான்.

டிவி பார்த்துப் பழக்கமில்லாத ராத்தா போனைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். வெள்ளை அங்கியில் தம்பி நிற்கிறார். தொப்பி போட்ட ஒருவன் துப்பாக்கியோடு வருகிறான். தம்பி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு இங்கிலீஷில் நெடுநேரம் ஏதோ மன்றாடுகிறார். ஒரு சத்தம். அங்கியின் இடது பக்கம் சிவந்து பரவுகிறது. அலமாரியோடு சரிந்து, திறந்த கண்ணோடு கிடக்கிறார்.

ராத்தா போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தார். "அது சாயம் ராத்தா. பவுடரைக் கரைச்சு ஒரு பையில..." என்று தம்பி சொல்லிக்கொண்டிருந்தார். ராத்தா அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. தம்பியின் சட்டையைப் பிடித்துக் கிட்டே இழுத்தார். முதல் பொத்தானைக் கழற்றினார். இரண்டாவது, மூன்றாவது. நீலம் பாரித்த கையை உள்ளே விட்டு, இடது பக்கத்தில் உள்ளங்கையைப் பதித்து, இங்குமங்கும் தடவிப் பார்த்தார். நரைத்த முடியைத் தவிர அங்கே ஒன்றுமில்லை.

"புள்ள, வெளிய போத்திட்டுப் போற அந்தத் துப்பட்டியை எடு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்," என்றார் என்னிடம், திரும்பிப் பார்க்காமல். பார்வை தம்பியின் சட்டையிலேயே இருந்தது. மூன்றாவது பொத்தானிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே மேலே வந்தார். தம்பி எப்போதும் போடாத கழுத்துப் பொத்தானையும் போட்டுவிட்டார்.