அஞ்சலி ஃப்ளெக்ஸில் ஒரு மஞ்சள் டிராம்

பிலோ அக்கா போய்விட்டார். நேற்று காலை ஹார்ட் அட்டாக்... ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே.

ஹார்பரில் எங்கள் ஷிப்பிங் ஆபீஸில் வேலை பார்த்த எல்லோருக்கும் அவரைத் தெரியும். டாக்குமென்டேஷன் செக்ஷன், ஜன்னல் ஓரத்து சீட். பதினோரு வருஷமாக அதற்கு அடுத்த சீட் என்னுடையது.

நல்லதாக நாலு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். அழுகையைவிடக் கோபம்தான் வருகிறது. ஸாரி, வருகிறபடியே எழுதுகிறேன்.

அக்காவுக்கு லிஸ்பன் போக வேண்டும். போர்ச்சுகல் லிஸ்பன். "எங்க வீட்டுப் பேரெல்லாம் அங்கன இருந்து வந்ததுளா. அந்த ஊரு டெலிபோன் புக்கைத் தொறந்தா எங்க தெருவே இருக்கும்" என்பார்.

நான் உடன்குடி கருப்பட்டி வியாபாரி மகள். எனக்கும் லிஸ்பனுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அவர் சொல்லிச் சொல்லியே எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது.

ஐந்து வருஷம் லஞ்ச் டயத்தில் பிளான் போட்டோம். வீட்டு ஆட்கள் யாரும் வேண்டாம், நாங்கள் ரெண்டு பேர் மட்டும் என்று முதல் நாளே பேச்சு.

கன்டெய்னர் அனுப்புகிறவர்கள் போடுகிற பிளான் எப்படி இருக்கும்? வாகைக்குளம் ஏர்போர்ட்டில் ஏறிச் சென்னை, சென்னையில் மாறி துபாய், அங்கே நாலு மணி நேரம் இருந்து லிஸ்பன்... ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணிக்குள் போய் நிற்க வேண்டும் என்று கட்-ஆஃப் டைம் வேறு போட்டிருந்தேன். "துபாய்ல ட்ரான்ஷிப்மென்ட்ளா, பெட்டி மாறிராம பாத்துக்கோ" என்று சிரிப்பார்.

லிஸ்பனில் மேட்டில் ஏறுகிற மஞ்சள் டிராம் ஒன்று உண்டு. எந்த ஸ்டாப்பில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும் என்பது வரைக்கும் எழுதினேன். நாலு பக்கம். அக்கா கண்ணாடி இல்லாமல் படிக்க வேண்டுமே என்று பெரிய பெரிய எழுத்தில்.

போன வருஷம் விசா அப்பாயின்ட்மென்ட் எடுத்தோம். ஒரு வாரம் இருக்கும்போது அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"டாக்டர் அவ்வளவு நேரம் ஃப்ளைட்ல உக்காரக் கூடாதுன்னுட்டாருளா. நம்ம புக்கிங் ரோல் ஆயிட்டு. அடுத்த வருசம் பாப்போம்."

கப்பலில் இடம் இல்லையென்றால் பெட்டியை அடுத்த கப்பலுக்குத் தள்ளிவிடுவார்கள். அதைத்தான் ஹார்பரில் ரோல் என்போம். தினம் நாலு பார்ட்டியிடம் நாங்களே சொல்கிற வார்த்தை. எனக்கும் அது பெரிதாக உறைக்கவில்லை.

"நீ வேணா போயிட்டு வாளா" என்றார்.

"நீங்க இல்லாம நான் மட்டும் அங்க போயி என்னக்கா செய்ய?" என்று என் அப்பாயின்ட்மென்ட்டைக் கேன்சல் செய்தேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

மே மாதம் பன்னிரண்டு நாள் லீவு போட்டார். முட்டிக்காக வேளாங்கண்ணியில் ஒன்பது நாள் நவநாள் ஜெபம் என்றார். வந்ததும் மாதா கோயில் எண்ணெய் ஒரு சின்ன பாட்டில் கொடுத்தார். அதை என் அம்மா முட்டிக்குத் தேய்த்துவிட்டேன்.

அன்றிலிருந்து ஆபீஸ் மாடிப்படியில் அவருடைய ஹேண்ட்பேக், டிஃபன் பாக்ஸ், ஃபைல் எல்லாம் நான்தான் தூக்கினேன். முந்தாநாள் வரைக்கும்.

இன்று காலை திரேஸ்புரத்தில் அக்கா வீட்டுக்குப் போனேன். தெரு முக்கிலேயே ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். கண்ணீர் அஞ்சலி என்று போட்டு, அக்காவின் பெரிய படம். கூலிங் கிளாஸ், ஸ்வெட்டர், வாய் நிறையச் சிரிப்பு.

பின்னால் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது மஞ்சள் டிராம்.

மாலையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். அது எந்த ஊர் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

உள்ளே அக்காவின் தங்கை என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். படத்தைப் பற்றிக் கேட்டேன்.

"போன வருசம் மே மாசம் எடுத்ததுளா. அக்கா தங்கச்சி நாங்க மூணு பேரும் லிஸ்பன் போனோம்லா. ஒன்னையும் கூப்பிடச் சொன்னேன். ஒனக்கு லீவு கெடைக்கலன்னு சொன்னா."

எனக்கு லீவு கிடைக்கவில்லையாம்!

அவர் அதோடு விடவில்லை. "நீ எழுதிக் குடுத்த பேப்பரை வச்சித்தான்ளா ஊரு பூரா சுத்துனோம். ஒரு எடத்துல கூட வழி தப்பல. நல்லா இருப்பளா நீ" என்று என் கன்னத்தைத் தடவினார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது.

"முட்டி வலியோட எப்படி நடந்தாங்க?"

"முட்டியா? எங்களுக்கு முன்னால அவதான் மேட்டுல ஏறுனா."

அப்படியென்றால் அந்த எண்ணெயை யாரிடம் சொல்லி வாங்கி வைத்திருந்தாரோ... மாதா பேரைச் சொல்லிப் பொய்!

மாலையைப் போட்டேன். வந்துவிட்டேன். கல்லறைத் தோட்டம் வரைக்கும் போகவில்லை. நாளைக்கு ஆபீஸில் கேட்பார்கள், கேட்கட்டும்.

ஏன் அக்கா? என்னோடு வரப் பிடிக்கவில்லையா? முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் நாலு நாள் பேசாமல் இருந்திருப்பேன். அஞ்சாம் நாள் நானே டீ வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். என்னைத் தெரியாதா உங்களுக்கு?

கூட்டிக்கொண்டு போகாததைக்கூட விடுங்கள். போய்வந்து ஒரு வருஷம் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தீர்கள். அந்த ஊர்க் கதையைக் கேட்க என்னைவிட ஆசைப்பட்ட ஆள் உங்களுக்கு வேறு யார் இருந்தார்கள்?

எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே அக்கா...

கோபமாகத்தான் இருக்கிறேன். நல்லபடியாகப் போங்கள்.