படத்தில் உள்ளபடி ஒரு கட்டில்

ஊரில் எந்த லிஃப்ட் நடுவழியில் நின்றாலும், உள்ளே மாட்டிக்கொண்டவர்களை அந்த மெக்கானிக் மீட்டுவிடுவார். பூங்காவைப் பார்த்த தன் சொந்த வீட்டுக்குள் போவதுதான் அவருக்குப் பெரும்பாடாகிவிட்டது.

எல்லாம் மனைவியின் தையல் மெஷினால் வந்த வினை. அவ்வப்போது திக்கினாலும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக இவர் அதைப் பிரித்து மாட்ட, மெஷின் பின்பக்கமாகத் தைக்கத் தொடங்கியது. அந்த அம்மாள் இவருடைய கட்டிலைத் தூக்கி வாசலில் போட்டார்.

புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு ஆயுசு எவ்வளவு? மறுநாள் காப்பியோடு சமாதானமாகிவிட்டார்கள். ஆனால் அதற்குள், விடிந்தும் விடியாததுமாகப் பழைமைப் பாதுகாப்புக் குழு வந்து தெருவையே படம் எடுத்துப் போயிருந்தது. பூங்காவைச் சுற்றிய பழைய வீடுகள் இனி படத்தில் உள்ளபடியே இருக்க வேண்டுமாம். பக்கத்து வீட்டுப் பல் டாக்டரின் மாடியில் அன்று காயப்போட்ட துண்டு இன்னும் காய்கிறது. மெக்கானிக் வீட்டுப் படத்தில் வாசலில் கட்டில், அதில் தலையோடு கால் போர்த்திய உருவம்.

மெக்கானிக் கட்டிலை உள்ளே இழுத்தார். குழு அதிகாரி மரியாதையாக அதை வெளியே இழுத்துப் போட்டு, வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் அவர் அதில் போர்த்திக் கிடக்க வேண்டும் என்றார். இந்தத் தெரு ஆண்கள் அந்தக் காலத்தில் பூங்காவுக்குக் காவலாகப் படுத்த வழக்கம் இது என்று வழிகாட்டி ஒருவர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களிடம் அளந்துவிட்டார். போர்வைக்குள் இருந்தவருக்குத் தும்மக்கூட உரிமையில்லை.

மழை பிடித்துக்கொண்டது. மனைவி ஜன்னல் வழியே குடை நீட்டினார். படத்தில் குடை இல்லையென்று அதையும் பிடுங்கிக்கொண்டார்கள். மனுஷருக்கு இருமல் வந்துவிட்டது. அதைக் கேட்டுக் கேட்டு உள்ளே அந்த அம்மாளுக்கும் தூக்கம் போயிற்று. தூக்கிப் போட்டது நாம்தானே என்று மனசு அடித்துக்கொண்டது.

மழை விட்ட ஒரு மாலை, மனைவி தலையணையோடு வாசலுக்கு வந்தார்.

"தள்ளிப் படுங்க."

போர்வைக்குள் புகுந்துகொண்டார். அதிகாரி வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்து, கட்டிலில் ஓர் ஆள்தான் இருக்கலாம் என்றார். அந்த அம்மாள் முகத்தை மட்டும் வெளியே நீட்டினார்.

"போர்வைக்குள்ள எத்தனை பேருன்னு படத்துல தெரியுதா சார்?"

அதிகாரி படத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போர்வைதான் தெரிந்தது.

"முகத்தை உள்ள எடுத்துக்குங்கம்மா. அது படத்துல இல்ல."