சைக்கிள் பாதையில் ஒரு மரியாதை

டென்மார்க்கின் பிராண்டே ஊரில் நாங்கள் இருக்கும் முதியோர் குடியிருப்பில், நடக்க முடியாதவர்கள் உட்கார்ந்து ஓட்டும் மின்சார ஸ்கூட்டருக்கு விதிகள் உண்டு. சைக்கிள் பாதையில் வலது ஓரமாகப் போக வேண்டும். நிறுத்துவதற்கு முன் கையை உயர்த்த வேண்டும். நடுவில் நிற்கவே கூடாது.

முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஸ்கூட்டர் வாங்கிய என் கணவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆனால் ஊரில் தனக்குப் படிப்பித்த, இப்போது இதே குடியிருப்பில் இருக்கும் வாத்தியார் தன் ஸ்கூட்டரில் எதிரே வந்தால், நின்ற இடத்திலேயே இறங்கிவிடுவார். யாழ்ப்பாணத்தில் பெரியவர்களைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்குவோம். எழுபது வயதிலும் இவருடைய கால் அதை மறக்கவில்லை.

ஒருநாள் அப்படி இறங்கியபோது, பின்னால் சைக்கிளில் வந்த டேனிஷ் பெண் பிரேக் பிடித்துப் புல்லில் சரிந்தாள். நல்லவேளை, அடி படவில்லை. ஆனால் அவளுக்குக் கோபம் வந்தது. பக்கத்தில் நடந்துவந்த எனக்கு அதைவிடக் கோபம்.

"மரியாதையை ஒரு ஓரமா நிண்டு குடுங்கோவன்!" என்று கத்தினேன்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டுத் திரும்பினால், வாத்தியாரும் தன் ஸ்கூட்டரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடுங்கி நடுங்கி எழும்பி நின்றார்.

"தம்பி, இனி இறங்காதை," என்றார். "நீ நிக்கேக்க நான் இருக்கிறது சரியில்லை எண்டுதான் ஒவ்வொரு முறையும் எழும்புறன். எனக்கு ஏலாதடா."

அடுத்த நாள் வாத்தியார் எதிரே வந்தபோது இவர் கையை உயர்த்தி, ஓரமாக நிறுத்தினார். இறங்கவில்லை. தொப்பியை மட்டும் கழற்றி மடியில் வைத்தார். மழை பெய்துகொண்டிருந்தது. நான் என் குடையை இவர் தலைக்கு மேல் பிடித்தேன்.