தேசம்மா அக்காவின் மேட்டுப்பாத்தி

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் டீவியைப் பார்த்துக் கத்திவிட்டேன். டீவிக்குள் இருந்தவனுக்குக் கேட்டிருக்காது. கீழ்வீட்டுக்காரருக்குக் கேட்டிருக்கிறது. திருப்பதியில் நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி, சுவரெல்லாம் அப்பளம். மறுநாள் லிஃப்டில் பார்த்து, "வீட்ல ஏதாச்சும் பிரச்சினையா சார்?" என்று மெதுவாக விசாரித்தார். தோட்ட நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது?

திரையில் ஒரு பையன். பச்சைக் கையுறை, மடிப்புக் கலையாத சட்டை. முதல்முறையாகத் தோட்டம் போடுகிறவர்களுக்காகவே இந்த நிகழ்ச்சி என்று சொல்லிவிட்டு, நாலு பலகையைச் சதுரமாக அடித்து, அதற்குள் பை பையாக எதையோ கொட்டி, "அவ்ளோதாங்க, மேட்டுப்பாத்தி ரெடி" என்றான். அவ்வளவுதானாம்! அந்தப் பலகை எந்த மண்ணின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அந்த மண் யாருடையது, நாளைக்கு யார் வந்து எழுந்திரு என்பான் என்ற ஒரு கேள்வியும் இல்லை. டீவியில் வரும் தோட்டங்களுக்குக் கீழே மட்டும் எப்படித்தான் யாருக்கும் சொந்தமில்லாத பூமி கிடைக்கிறதோ.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள், "நம்ம பால்கனிக்கும் ஒண்ணு வாங்கலாம்பா" என்றாள். அவள் ஆர்டர் போட்ட மண் பை ஏற்கெனவே வந்து மூலையில் கிடக்கிறது. பிரித்து முகர்ந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. மண்ணில் வாசனை இல்லையென்றால் எனக்கு எரிச்சல் வரும். வாசனை இருந்தால் பழசெல்லாம் ஞாபகம் வந்து கோபம் வரும். என்னோடு குடித்தனம் பண்ணுவது கஷ்டம் என்று என் மனைவி சொல்வதில் நியாயம் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த மேட்டுப்பாத்தியில் மாம்பழத்தோல் புளித்த வாடை அடிக்கும். அரை மைல் தூரத்திலேயே மூக்கைப் பிடிக்க வைக்கும் வாடை. சித்தூர்ப் பக்கம் ஆனி ஆடியில் மாம்பழக்கூழ் பேக்டரிகளைத் தாண்டிப் போனவர்களுக்குத் தெரியும். முதல் நாள் தித்திப்பு, மூன்றாம் நாள் சாராயம், ஏழாம் நாள் பஸ்ஸில் ஜன்னலை மூடச் சொல்லிச் சண்டை. அந்த வாடையை ஒரு டிராக்டர் நிறைய ஏற்றி, ஒரு ஏழைப் பெண்பிள்ளையின் பாத்திக்குள் கொட்டியதில் என் கையும் உண்டு.

அப்போது நான் ஒரு லோக்கல் சேனலில் வேலை பார்த்தேன். கழுத்தில் தொங்கிய அட்டையில் உதவித் தயாரிப்பாளர் என்று போட்டிருக்கும். செய்த வேலை, காமிராவுக்கு முக்காலி தூக்குவது. கூடுதலாக ஒரு தகுதியும் எனக்கு இருந்தது. நான் சத்தியவேட்டுப் பக்கத்துத் தமிழன், தெலுங்கும் சரளம். எல்லையோர ஊர்களுக்காகத் தமிழிலும் நிகழ்ச்சி போட்டதால், தெலுங்கில் எழுதி வருவதைத் தமிழாக்கிப் பின்னணியில் பேசுவதும் நான்தான். என் குரல் டீவியில் வருகிறது என்று ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தக் குரலை நினைத்தால் இப்போது என் குரல்வளையை நானே நெரிக்கலாம் போலிருக்கிறது.

வீட்டுத் தோட்டம் போடப் பழகுகிறவர்களுக்கு ஒரு தொடர் எடுப்பதாக முடிவானது. இடம் தேடினார்கள். எனக்கு ஓர் இடம் தெரியும் என்று முந்திரிக்கொட்டையாக நான்தான் சொன்னேன். நாராயணவனம் போகிற வழியில் ஒரு ஊர், பெயர் வேண்டாம். அங்கே ஏரிக்கால்வாய் ஓரமாக, காலனிக்குப் பின்னால் நீளமாக ஒரு துண்டு நிலம், அரசாங்கப் புறம்போக்கு. எப்போதோ இருந்த ஒரு நல்ல அதிகாரி அதைச் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பிரித்து, காலனியில் பதினோரு வீட்டுக்கு ஆளுக்கொரு பட்டையாகக் காய்கறி போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார். பேப்பர் கிடையாது, வாய்வார்த்தைதான். வாய்வார்த்தையிலும் ஒரு நிபந்தனை இருந்தது. பயிர் வைக்கலாம், கல் நடக்கூடாது, மரம் வைக்கக்கூடாது.

ஏன் என்று எங்கள் பக்கத்து ஆட்களிடம் கேட்கவே வேண்டாம். கீரையும் கத்தரியும் இன்றைக்கு இருக்கும், நாளைக்குப் போகும். கல் நட்டால் அது எல்லை. மரம் வைத்தால், இத்தனை வருஷமாக நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்வதற்குச் சாட்சி. இது பாலோடு சேர்த்துக் குடித்த விஷயம். என் நைனா ஏரிப் புறம்போக்கில் கொஞ்சம் கேழ்வரகு போடுவார். ஒருமுறை நான் உட்காருவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று ஒரு பலகைக்கல்லை உருட்டிக்கொண்டுபோய் வரப்பில் போட்டேன். "யார்ரா கல்ல போட்டது? எடுடா மொதல்ல!" என்று துண்டை உதறிக்கொண்டு ஓடி வந்தார். கல்லைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டுத்தான் மூச்சு விட்டார். அப்படிப்பட்டவருக்குப் பிறந்தவன் நான். கழுத்தில் அட்டை மாட்டியதும் எனக்கு அதெல்லாம் மறந்துவிட்டது பாருங்கள்.

அந்தப் பதினோரு பட்டையில் ஒன்று தேசம்மா அக்காவுடையது. நாற்பது வயதிருக்கும். பிறந்த வீட்டுக்கும் நிலமில்லை, புகுந்த வீட்டுக்கும் நிலமில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர். ஐப்பசி மழைக்குக் கால்வாய் பொங்கினால் அந்த நிலத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும். அதனால் வெறும் மண்ணை வாரி, இடுப்பு உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக மேடு கட்டி, மேலே வெண்டையும் தண்டுக்கீரையும் போடுவார். மழை கரைத்துவிடும். தையில் மறுபடி கட்டுவார். அதைப் பார்த்துத்தான் எனக்கு இந்த யோசனையே வந்தது. வருஷா வருஷம் இந்த வேலை அலுப்பாக இல்லையா என்று கேட்டதற்கு அவர் சொன்னதை அப்போது காமிராவில் பிடிக்கவில்லை, ஒளி சரியில்லை என்றார்கள். "ஒர்த்தன் கழனில குனிஞ்சி குனிஞ்சே இடுப்பு போச்சி தம்பி. இந்த மண்ணு ஒண்ணுதான் நான் சொல்றத கேக்குது. கரஞ்சா கரஞ்சிட்டு போவட்டும், என்னுதுதான?"

படப்பிடிப்புக்கு நெறியாளர் வந்தார். புதுத் தொப்பி, புது மண்வெட்டி. விலைச் சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. ஒரு வெட்டு வெட்டுவதற்கு எட்டு முறை எடுத்தோம். எட்டாவது முறை அவர் ஷூவிலேயே வெட்டிக்கொள்ளப் பார்த்தார், தேசம்மா அக்காதான் கையைப் பிடித்தார். பிறகு ஐயா மண்மேட்டைச் சுற்றி வந்து, இது டீவிக்கு எடுப்பாக இல்லையே, சுற்றிலும் ஏதாவது கட்டினால் நன்றாயிருக்கும் என்றார். பலகைக்கு அங்கே எங்கே போவது? எங்கள் மாவட்டத்தில் சும்மா கிடைப்பது கருங்கல்தான். கிரானைட் அறுக்கிற இடத்தில் ஓரத்துண்டுகளைக் கொண்டுபோனால் போதும் என்று கும்பிடு போட்டுக் கொடுப்பார்கள். ஒரு வண்டி வந்து இறங்கியது.

தேசம்மா அக்கா நெறியாளரிடம் போகவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கல்லு வேணாம் தம்பி. மண்ணுலயே ஒசத்தி கட்டிக்கிறேன். எவ்ளோ ஒசரம் வோணும் சொல்லு."

"டீவில வந்துடுச்சின்னா ஒரு பய கைவெக்க மாட்டான்கா. அதான் உங்களுக்கு பாதுகாப்பு."

இதைச் சொன்னவன் நான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நானாகச் சொன்னேன். அவர், "நீ நம்ம பக்கத்து ஆளு, சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று தானே முதல் கல்லைத் தூக்கினார்.

அடுத்தது உள்ளே நிரப்புவது. உங்கள் ஊரில் எந்தக் கழிவு சும்மா கிடைக்கிறதோ அதை அடுக்கடுக்காகப் போடுங்கள் என்று எழுதி வந்திருந்தது. எங்கள் ஊரில் ஆனி மாதம் சும்மா கிடைப்பது என்ன? தோலும் கொட்டையுமாக ஒரு டிராக்டர் மாங்கழிவு. கொட்டி, மேலே மண் போட்டு, கத்தரி நாற்று நட்டோம். நாலாம் நாள் மண்ணுக்குள் கையை விட்டால் சோற்றுப்பானை. நாற்றெல்லாம் வெந்துபோனது. ஈ மொய்த்ததில் காலனியே எங்களைத் திட்டியது. நெறியாளர் அதையெல்லாம் படம் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

சூடு அடங்கியபின் தேசம்மா அக்கா வேப்பம்புண்ணாக்கு தூவி, கால்வாய் வண்டலை மேலே பரப்பி, தன் போக்கில் வெண்டை போட்டார். வெண்டையும் முளைத்தது. கூடவே, ஓரத்தில் வேகாமல் தப்பித்த கொட்டைகளெல்லாம் ஆவணித் தூறலில் முளைத்தன. ஒன்றா இரண்டா, கருங்கல்லை ஒட்டி வரிசையாக அறுபது எழுபது மாங்கன்றுகள், தளதளவென்று செம்புநிறத் துளிரோடு. நான் போன அன்றைக்கு அவர் குத்துக்காலிட்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நாள் பொறுங்கக்கா. நாளைக்கி காமிரா வருது. இந்தக் கலரு சூப்பரா இருக்கும்."

"மாஞ்செடிப்பா. நிக்கக்கூடாது."

"ரெண்டு நாள்தானக்கா!"

கையில் பிடுங்கியதைக் கீழே போட்டார். மறுநாள் படம் எடுத்தோம். நிகழ்ச்சி புரட்டாசியில் வந்தது, அதுவரைக்கும் மறுபடி எடுக்க நேர்ந்தால் காட்சி மாறக்கூடாது என்று கன்றுகளைத் தொடவிடவில்லை. கல் வரப்பு, மாங்கன்று, நடுவில் வெண்டைப்பூ. அதற்கு மேல் என் குரல், நானே எழுதிச் சேர்த்த வரி: "இனி இந்தப் பாத்தி எத்தனை வருஷம் ஆனாலும் அசையாது!"

பத்து நாள் கழித்து அக்காவிடமிருந்து போன் வந்தது. "தம்பி, வி.ஆர்.ஓ. வந்துகீறாரு. உங்க டீவிய போன்ல வெச்சிக்கினு காட்றாரு. நீ வந்து ஒரு வார்த்த சொல்லிட்டு போ." கிராமத்து நில விவகாரங்களைப் பார்க்கிற அதிகாரியைத்தான் சொன்னார். பஸ் பிடித்து ஓடினேன். ஜேசிபி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. பதினோரு வீட்டாரும் ஒரு பக்கம். அவர் போனில் என் குரல் எத்தனை வருஷம் ஆனாலும் அசையாது என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த ஆளையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது, அதுதான் இன்னும் ஆத்திரம். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். "கல்லும் மாஞ்செடியும் இவங்க வெக்கல, எங்க சேனல்தான் வெச்சிதுன்னு எழுதி கையெழுத்து போடய்யா. நான் மேல அனுப்பறேன். பாத்தி மட்டும் நிக்கும்." நான் ஆபீசுக்குப் போன் போட்டேன். எழுதினால் சேனல் பேர் கெடும், எழுதிவிட்டு இந்தப் பக்கம் வராதே என்றார்கள். தாள் என் கையில். பேனா சட்டைப்பையில். தேசம்மா அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அன்றைக்கு மத்தியானம் பதினோரு பட்டையும் போனது. மற்ற பத்துப்பேர் ஒரு கல்கூட வைக்கவில்லை. ஒரு பாத்திக்காக எல்லாமே ஆக்கிரமிப்பு என்று எழுதிவிட்டார்கள். இவ்வளவுக்கும் கழுத்தில் தொங்கிய அந்த வேலை அடுத்த வருஷமே போய்விட்டது. சேனலை மூடிவிட்டார்கள்.

இப்போது அந்த இடத்தில் ஆள் உயரத்துக்குச் சுவர். உள்ளே ஒன்றும் கட்டவில்லை, முள்தான் வளர்ந்திருக்கிறது. கேட்டுக்கு முன்னால் சேறு ஆகாமலிருக்க ஏழெட்டுக் கருங்கல் துண்டுகள் பதித்திருக்கிறார்கள். எங்கள் கற்கள்தான். அக்கா முதலில் தூக்கிய, ஒரு பக்கம் மழுங்கிய அந்தத் துண்டை எனக்குத் தெரியாதா?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சத்தியவேடு பஸ் ஸ்டாண்டில் தேசம்மா அக்காவைப் பார்த்தேன். பேக்டரி வேனுக்காக நின்றுகொண்டிருந்தார். அங்கே கேன்டீனில் காய் நறுக்குகிற வேலையாம். காய் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். மெட்ராசிலிருந்து லாரியில் வருகிறதாம். வேறு பேச்சு கிடைக்காமல், "வீட்ல ஏதாச்சும் செடிகொடி வெச்சிருக்கீங்களாக்கா?" என்றேன்.

"எங்க வெக்கிறது?"

வேன் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"கல்லு வேணாம்னு நான் சொன்னேனா இல்லியா தம்பி?"

"சொன்னீங்கக்கா."

"மாஞ்செடிய புடுங்கிக்கினுதான இருந்தேன்?"

"ஆமாக்கா."

"அத அன்னிக்கி சொல்லியிருக்கலாமேப்பா. தாளு உன் கைலதான கொடுத்தாங்க."

வேன் வந்தது, பையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டார். ஒரு திட்டு திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அதைக்கூட அவர் செய்யவில்லை.

மகளிடம் பால்கனிக்குப் பலகைப்பெட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்கிறாள், சொல்லவில்லை. அந்த நிகழ்ச்சி இன்னமும் நெட்டில் எங்கேயோ கிடக்கிறது. அந்தப் பாத்தியைப் பார்க்க வேண்டுமென்றால் இனி அது ஒன்றுதான். நேற்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் தேடி எடுத்துப் பார்த்தேன். வெண்டைப்பூ ஆடுகிறது, மாந்துளிர் மின்னுகிறது, எத்தனை வருஷம் ஆனாலும் அசையாது என்று ஒருவன் கணீரென்று சொல்கிறான். இவ்வளவு நல்ல குரலை வைத்துக்கொண்டு அன்றைக்கு அவ்வளவு பேர் முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமைதான் அது வெளியே வந்தது, அதுவும் கீழ்வீட்டுக்காரருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.