அப்பாவின் வேட்டியும் அந்துப்பூச்சிகளும்

இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம்தான் வருகிறது. வயது போகப் போக எல்லாம் ஆறிவிடும் என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை.

எங்கள் ரப்பர் தோட்டம் தெஹியோவிட்டைக்கு மேலே இருந்தது. மாசியில் மரங்கள் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். பால்வெட்டும் குறைந்துவிடும். ஒரு மழை பெய்து, செம்பு நிறத்தில் தளிர் விடும்போது அந்துப்பூச்சிகள் வரத் தொடங்கும். லயத்துக்குக் கரண்டு வந்த வருஷத்தில்தான் அவற்றைச் சரியாகப் பார்த்தேன். எங்களுடையது தொங்கல் வீடு, லயத்து வரிசையில் கடைசி. அடுப்பு இருக்கிற குசினிப் பக்கம் கீழே ரோட்டைப் பார்த்திருக்கும். அங்கே ஒரு பல்பு போட்டிருந்தோம். புகை பிடித்த சுவரில் எது பூச்சி, எது கரி என்று தெரியவில்லை. அதனால், அப்பா இறந்த பிறகு பெட்டியில் சும்மா கிடந்த வேட்டியை எடுத்து, துணி காயப்போடும் கம்பியில் பல்புக்குப் பக்கத்தில் கட்டினேன்.

இளம்பச்சையில் நீள வால் வைத்த ஒன்று வந்தது. செங்கல் நிறத்தில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, செட்டையில் கண்ணாடி பதித்த மாதிரி ஒன்று வந்தது. அதற்குச் சீனித் தண்ணீர் வைத்துப் பார்த்தேன், தொடவில்லை. விடியலில் பால் வெட்டப் போய், விறகு பொறுக்கி, தண்ணீர் தூக்கி, அண்ணனுக்குச் சோறு போடுகிற எனக்கு, யாரும் எதுவும் கேட்காத நேரம் அது ஒன்றுதான். லயமே என்னைப் பூச்சிக்காரி என்றது. சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

அப்போதுதான் ருவான்வெல்லையிலிருந்து பெண் பார்க்க வருவதாகத் தரகர் சொன்னார். சொன்ன நாளில் காலையிலிருந்து பட்டுச்சேலையில் வெந்துகொண்டிருந்தேன். வேன் வழியில் பழுதாம். பொழுது சாய்ந்தும் ஆளைக் காணோம். இனி எங்கே வரப்போகிறார்கள் என்று சேலையை மாற்றி, தலையை அவிழ்த்துவிட்டு, வழக்கம்போல வேட்டியைக் கட்டினேன்.

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்தால் வெள்ளைத் துணிதான் கட்டுவார்கள். சிங்களவர், தமிழர் என்ற பேதம் அதில் இல்லை. கீழே வளைவில் வேன் வந்து நின்றது. வேன்காரர் சிங்களவர். மேலே வெள்ளைத் துணி, பக்கத்தில் விளக்கு, தலைவிரிகோலமாக ஒரு பெண். "மளகெதர" என்றாராம். சாவு வீடு. நல்ல காரியத்துக்குக் கிளம்பியவர்கள் சாவு வீட்டுப் படி ஏறுவார்களா? வேன் திரும்பிவிட்டது. "யாரும் சாகலைங்க, யாரும் சாகலைங்க" என்று கத்திக்கொண்டே அண்ணன் ரோட்டுக்கு ஓடினான். வேனுக்கா கேட்கும்?

மறுநாள் காலையில் தரகர் பெரிய மாலையோடு வந்து வீட்டு முன்பக்கத்து இஸ்தோப்பில் உட்கார்ந்தார். அம்மாவைப் பார்த்து, யார் தவறியது என்று மெதுவாகக் கேட்டார். எனக்கு எங்கிருந்துதான் அப்படி வந்ததோ.

"நான்தாங்க. வந்தது வந்துட்டீங்க, மாலையப் போட்டுட்டுப் போங்க."

அண்ணன் என்னை அறைந்தான். பல்பைக் கழற்றினான். வேட்டியை அடுப்பில் போடப் போனான். அம்மா பாய்ந்து பிடுங்கிக்கொண்டாள். அது எனக்காக இல்லை. அப்பாவின் வேட்டி என்பதற்காக.

மாப்பிள்ளையின் அம்மா பெருந்தன்மையாக மன்னித்தாராம். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்கு மறுபடி வருவார்களாம். ஆனால் பெண்பிள்ளை அந்தியில் பூச்சியோடு நிற்கிற பழக்கத்தை இன்றோடு விட்டுவிட வேண்டுமாம். அம்மா என்னைக் கேட்காமலே சரி என்றாள். அந்த மாப்பிள்ளைக்குக் குடிப் பழக்கம் உண்டென்று தரகரே சொல்லியிருந்தார். ஆம்பிளை என்றால் அப்படி இப்படித்தான் இருக்கும் என்று முடித்துவிட்டார்கள். அதை விடச் சொல்லி ஒரு வாய் கேட்டதா? குடிக்கிறவன் குடிக்கலாம். நான் பூச்சி பார்த்தால்தான் குடி கெட்டுவிடும்.

வெள்ளிக்கிழமை அம்மா எனக்குத் தலை பின்னிப் பூ வைத்தாள். கட்டிய பட்டுச்சேலையோடு போய்ப் பெட்டியைத் திறந்து வேட்டியை எடுத்தேன். இஸ்தோப்புப் பல்பைக் கழற்றிக் குசினிப் பக்கம் மாட்டினேன். அம்மா பின்னாலேயே வந்தாள்.

"வேணாம்டி. கட்டாத."

"அங்க போனா ஒரு பல்பு போட விடுவாங்களாம்மா? கேட்டியா நீ?"

வேட்டியின் ஒரு முனையை நான் கம்பியில் முடிந்தேன். மறுமுனை மண்ணில் புரண்டது. அம்மா அதை எடுத்து உதறி, என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பச்சைப் பூச்சி ஒன்று வந்து உட்கார்ந்தபோது வளைவில் வேன் நின்றது. அண்ணன் முன்போலவே கையை ஆட்டிக்கொண்டு ஓடினான். "யாரும் சாகலைங்க!"

அது அவர்களுக்குத் தெரியும். வேன் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு திரும்பிப் போனது. இந்த முறை அவர்களுக்குச் சரியாகவே புரிந்திருந்தது.