கரையில் முளைத்த வேம்பு

எங்கள் பெரியப்பா வீட்டில் இருந்தால் ஒரு டம்ளர் தண்ணீரை நிம்மதியாகக் குடிக்க முடியாது. மயிலாப்பூர் வீட்டுக் குழாயை யார் திறந்தாலும், "நம்ம அணைத் தண்ணி, வீணாக்காத" என்பார். நகரத்துக்கு மேற்கே, அவருடைய தாத்தா பிறப்பதற்கு முன்பே கட்டிய சின்ன மண் அணை அது. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் அவர். பிள்ளை இல்லாத மனுஷனுக்கு அணைதான் பிள்ளை என்று வீட்டில் கேலி பேசுவார்கள். பெரியம்மாவை வைத்துக்கொண்டே பேசுவார்கள் என்பதுதான் கொடுமை.

ஐப்பசி மழைக்கு முன்னால் அணைக்கரையில் புதர் வெட்டி, மதகுக்கு கிரீஸ் போடுவார்கள். வேலை முடிந்ததும் மதகுக்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டுவது வழக்கம். பொட்டு வைப்பது பெரியம்மா. அந்தச் சாக்கில் நாங்கள் எல்லோரும் புளியோதரைத் தூக்கோடு வேனில் கிளம்பிவிடுவோம். அப்படிப் போன ஒரு வருஷம், கரைச் சரிவில் முளைத்திருந்த வேப்பங்கன்றுக்குப் பெரியம்மா மிச்சமிருந்த மஞ்சளைப் பூசி, ஒரு மஞ்சள் கயிறும் கட்டிவிட்டாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவும் வேண்டியதில்லை. பெரியப்பா அதைப் பார்த்தார். இரண்டு விரலால் பிடுங்கிவிடலாம், அவ்வளவு சின்னக் கன்று. அவருக்கு மனசு வரவில்லை.

அடுத்த வருஷம் அது என்னைவிட உயரமாக நின்றது. அடியில் ஒரு செங்கல், அதற்குக் குங்குமம், ஒரு அகல் விளக்கு. வேலையாட்கள் சுற்றிலும் முள்ளையெல்லாம் வெட்டிவிட்டு அதை மட்டும் விட்டிருந்தார்கள். பெரியப்பா அதையும் வெட்டச் சொன்னார். மேஸ்திரி அரிவாளைக் கீழே வைத்துவிட்டார்.

"அம்மா கயிறு கட்ன மரம் சார் அது. நாங்க கை வெக்க மாட்டோம்."

பெரியப்பா பெரியம்மாவிடம் போய்த் தாழ்ந்த குரலில் பேசினார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"வேர் போற வழியில தண்ணியும் போகும். இது வளந்தா கரை தாங்காது. கீழ ஊர் இருக்கு."

"வெட்டணும்னா வெட்டுங்க. என்னைக் கேக்காதீங்க."

அவர் முதலில் கயிற்றை அவிழ்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு தானே வெட்டி, வேரைத் தோண்டி எடுத்து, குழியில் மண் போட்டு இடித்து இறுக்கினார். யாரும் உதவிக்கு வரவில்லை. அன்றைக்கு மதகுக்கு யாரும் பொட்டு வைக்கவில்லை. புளியோதரையை நான் மட்டும்தான் தின்றேன்.

அந்த வருஷம் மழை பேய் மாதிரி கொட்டியது. கரை நின்றது. உடையாத அணையைப் பற்றி யார் பேசப்போகிறார்கள்? பெரியம்மா அதற்குப் பிறகு அங்கே வரவே இல்லை. பிள்ளையும் பிறக்கவில்லை. பெரியப்பா செய்தது சரி என்று இன்று எனக்குத் தெரிகிறது. அந்தச் சரி அவர்கள் இருவருக்கும் கடைசிவரை ஆறுதலாக இருக்கவில்லை என்பதை நினைத்தால்தான் மனசு கனக்கிறது.

மரத்தை வெட்டிய அன்று சாயங்காலம் வீடு திரும்பியதும் பெரியப்பா குழாயைத் திறந்து, ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துப் பெரியம்மாவிடம் நீட்டினார். அவள் வாங்காமல் உள்ளே போய்விட்டாள். அவர் டம்ளரோடு அப்படியே நின்றார். குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. நான் ஓடிப்போய் மூடிவிட்டு, பாராட்டுவார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.