பழைய ரோட்டில் திருமலை

என் கணவர் திருமலை முப்பது வருடம் வடக்கே லாரி ஓட்டினார். மாதத்தில் ஐந்து நாள் வீட்டில் இருப்பார், அதில் இரண்டு நாள் தூங்குவார். நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. படுக்கையில் கிடப்பவர்களைக் குளிப்பாட்டுவேன், புரட்டிப் படுக்க வைப்பேன், வேளைக்கு மாத்திரை கொடுப்பேன். அதற்கு முறையாகப் பயிற்சி எடுத்திருக்கிறேன். எங்களுக்குள் சண்டை குறைவு. சண்டை போட எதிரே ஆள் இருக்க வேண்டுமே.

வீட்டுக்கு வந்தால் அவர் ரோட்டைப் பற்றித்தான் பேசுவார். கடப்பாவில் ஓட்டல் நடத்தும் அன்வர் பாஷா, கர்னூல் தாண்டி டீக்கடை போட்டிருக்கும் லட்சுமம்மா, நிர்மலில் டயர் கடை நர்சய்யா. எங்கள் உறவுக்காரர்களின் பெயரை மறந்தாலும் இவர்கள் பெயரை மறக்க மாட்டார்.

"எந்நேரம் போய் நின்னாலும் 'திருமலை வந்துட்டான்'னு எழுந்து வருவாங்க. உனக்கு இந்தத் தெருவுல நாலு பேரைத் தெரியுமா?" என்பார்.

தெரியாதுதான். வேங்கிக்காலில் வீடு கட்டிப் பதினெட்டு வருடமாகிறது. சுற்றிலும் ஆபீஸ்காரர்கள். காலையில் பூட்டிக்கொண்டு போனால் சாயங்காலம்தான் திறப்பார்கள்.

பதினைந்து வருடத்துக்கு முன்பே அவர் வடக்கே போவதை நிறுத்திவிட்டார். அதன் பிறகு உள்ளூரில் நெல் லோடு, மணிலாக்கொட்டை லோடு. பிறகு அதுவும் இல்லை. இப்போது சர்க்கரை வியாதி, ஒரு கண்ணில் ஆபரேஷன். ஜபல்பூரில் வேலை பார்க்கும் எங்கள் மகன் சுரேஷ்குமார் எங்களை அங்கேயே வந்துவிடச் சொன்னான். வந்தால் எங்கள் வேனிலேயே, ரோடு வழியாகத்தான் என்று அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"ட்ரெயின்ல வந்துடுங்கப்பா. எதுக்கு இந்த வம்பு?" என்றான் மகன் போனில்.

"முப்பது வருஷம் ஓட்டுன ரோடுடா. கடைசியா ஒருவாட்டி உங்கம்மாவுக்கு என் ஆளுங்களைக் காட்டிட்டு வரேன். அவ நான் கதை விடறேன்னே நெனைச்சுனு இருக்கா."

நான் மறுக்கவில்லை. கொஞ்சம் அப்படித்தான் நினைத்தேன்.

வீட்டை வாடகைக்கு விட்டோம். கட்டில், பீரோவைப் பார்சல் லாரியில் அனுப்பினோம். எங்கள் பழைய ஆம்னி வேனில் மிக்ஸி, தலையணைகள், அரிசி மூட்டை, என் மருந்துப் பை. அவர் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். வெளியூர் கிளம்பும் முன் வண்டியோடு கிரிவலப் பாதையில் மலையை ஒரு சுற்று சுற்றுவது அவர் வழக்கம். அன்றும் சுற்றினார். மலை எங்களுக்கு வலப்பக்கமாகவே வந்துகொண்டிருந்தது.

"பதினாலு கிலோமீட்டர் பெட்ரோல் வீண்," என்றேன்.

"நீ என்கூட ஒருவாட்டியாவது சுத்தியிருக்கியா?"

இல்லை. பௌர்ணமிகளில் நடந்து சுற்றியிருக்கிறேன், தனியாக.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்த வேண்டும், அவர் இறங்கிப் பத்து நிமிடம் நடக்க வேண்டும் என்பது என் சட்டம். வேலூர் தாண்டியதும் அலுத்துக்கொண்டார்.

"பேஷண்டைக் கூட்டினு போற மாதிரி இருக்குது."

"பேஷண்டுதான். இறங்குங்க."

அவருடைய சட்டம் வேறு. நாலுவழிச் சாலை இப்போது எல்லா ஊர்களையும் ஒதுக்கிவிட்டு வெளியே ஓடுகிறது. ஊர் வந்ததும் அவர் பைபாஸை விட்டு இறங்கி, பழைய ரோட்டில் ஊருக்குள் போனார். அவருடைய ஆட்கள் அங்கேதான் இருந்தார்கள். லாரிகளெல்லாம் பைபாஸுக்குப் போய்விட்ட பிறகு லாரிக்காரர்களை நம்பிக் கடை வைத்தவர்கள் என்ன ஆகியிருப்பார்கள் என்று அவர் யோசிக்கவில்லை. எனக்கும் கடப்பா போகும்வரை தோன்றவில்லை.

கடப்பாவில் அன்வர் பாஷாவின் ஓட்டல் இருந்த இடத்தில் செல்போன் கடை. அங்கிருந்த பையன்களுக்கு அன்வர் பாஷா யாரென்று தெரியவில்லை.

"எடம் மாத்தியிருப்பான்," என்றார் இவர்.

கர்னூல் தாண்டி லட்சுமம்மாவின் டீக்கடையில் மூன்று சுவர் மட்டும் நின்றது. உள்ளே ஒரு வேப்பமரம் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தது. அவர் இறங்கிப் போய் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சுவருக்குப் பின்னால் ஒன்றுக்குப் போய்விட்டு வந்து வண்டியை எடுத்தார். ராத்திரி ஹைதராபாத்தில் தங்கினோம். லாட்ஜில் அவர் கால்களைப் பார்த்தேன். கணுக்கால் வீங்கியிருந்தது. தலையணை மேல் தூக்கி வைத்தேன்.

"எவ்ளோ தூரம் ஓட்டியிருக்கேன், வேதா. ஒருத்தன் இல்ல," என்றார்.

"நர்சய்யா இருக்காரில்ல? தூங்குங்க."

அது எனக்கே நிச்சயமில்லை. சொல்லி வைத்தேன்.

மறுநாள் நிர்மலில் பழைய ரோட்டோரம் ஒரு கம்பத்தில் டயர் தொங்கியது. வண்டியை நிறுத்திக் கண்ணாடியில் தலை வாரிக்கொண்டார். "நான் சொன்னேன்ல?"

கடை மூடியிருந்தது. பின்னால்தான் வீடு. நர்சய்யாவின் மருமகள் வந்து எங்களை உள்ளே அழைத்துப் போனாள். கட்டிலில் நர்சய்யா கிடந்தார். உள்ளே நுழைந்ததும் வாடை வந்தது, படுக்கைப் புண். எத்தனை மாதமாக என்று கேட்டேன். பக்கவாதம் வந்து ஏழு மாதம் என்றாள். சித்தூர் நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தெலுங்கு வரும்.

இவர் கட்டிலின் தலைமாட்டில் குனிந்தார். "நர்சய்யா, யார் வந்திருக்கேன் பாரு," என்றார் தெலுங்கில்.

கிழவர் வெகுநேரம் பார்த்தார். வாய் கோணியிருந்தாலும் பேச்சு புரிந்தது. "மணியா?" என்றார்.

மணி கீழ்பென்னாத்தூர்க்காரர். இவர் லாரிக்குப் பின்னாலேயே தன் லாரியை ஓட்டிக்கொண்டு வருவார், இருவரும் ஜோடியாகத்தான் போவார்கள். அவர் இறந்து ஆறு வருடமாகிறது. இல்லை என்று இவர் சொல்வதற்காகக் காத்திருந்தேன். அதற்குள் நர்சய்யாவே அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டார்.

"திருமலை எங்கே? அவன் வரலையா?"

இவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். மருமகள், "மாமாவுக்கு ஆள் அடையாளம் தெரியறதில்லை," என்று என்னிடம் சொன்னாள். நான் அவளைக் கையமர்த்தினேன்.

"வரல," என்றார் என் கணவர். "ஊருல இருக்கான்."

"நல்லா இருக்கானா?"

"நல்லா இருக்கான். காலு கொஞ்சம் வீங்குது. பொண்டாட்டி பார்த்துக்கறா."

"போன தடவை டீ குடிக்காமப் போயிட்டான். கோவமா?"

"கோவம் இல்ல. லோடு அவசரம்."

"வரச் சொல்லு."

"சொல்றேன்."

அதற்கு மேல் நான் நின்றுகொண்டிருக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து, இவரை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி நர்சய்யாவைப் புரட்டினேன். புண்ணைச் சுத்தம் செய்து கட்டினேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க மருமகளுக்குச் செய்து காட்டினேன். முட்டிக்கு நடுவே வைக்க எங்கள் தலையணை ஒன்றைக் கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் கட்டாயம் காட்டச் சொன்னேன். அவள் டீ போட்டுக் கொண்டுவந்தாள், நிறையச் சர்க்கரை. இவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து முழு டம்ளரும் குடித்தார். நான் தடுக்கவில்லை.

வேனில் ஏறியதும் சாவியைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"கேட்டியா, வேதா? என்னைத்தான் கேட்டான்."

"கேட்டேன்."

"டீ குடிக்காமப் போனது நெசந்தான். ஞாபகம் வச்சினு இருக்கான் பாரு."

"ஆமா. மாத்திரை போடுங்க."

போட்டுக்கொண்டார். ஊர் முடியும் இடத்தில் பைபாஸ் பலகை வந்தது. அடிலாபாத்துக்குள் அவருக்கு இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள், நாக்பூரில் ஒருவர். யாருடைய பெயரையும் எடுக்காமல் நாலுவழிச் சாலையில் ஏறினார். இரண்டு மணி நேரம் ஆனதும் நான் சொல்லாமலே வண்டியை ஓரம்கட்டினார். நாங்கள் இறங்கி, லாரிகள் போவதைப் பார்த்தபடி பத்து நிமிடம் நடந்தோம்.